திரும்பாதவருக்கு ஒரு மாலை

விருது வாங்கிய மறுவாரத்திலிருந்து ஜெயகரனுக்கு அந்த முகம் தெரியத் தொடங்கியது. எங்கே செட் போட்டாலும், சுவரில் எதை மாட்டினாலும், காலண்டரானாலும் கண்ணாடியானாலும், அதிலிருந்து அகன்ற நெற்றியோடு ஒருவர் அவனையே பார்த்தார். ஆர்ட் டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டு ஆணி அடிக்கிறார் என்று ஆட்கள் சிரித்தார்கள்.

யாரென்று அவனுக்குத் தெரியும். விருது வாங்கித் தந்த சினிமாவுக்காக ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டை அவன் போட்டிருந்தான். புதுச் சாமான் வைக்காமல், குடும்பங்களில் புழங்கியதையே கேட்டு வாங்கி வைப்பது அவன் வழக்கம். அந்த முகம் இருந்த போட்டோ, லாலாகுடா ரயில்வே காலனியில் திரிபுரசுந்தரி என்ற அம்மாள் வீட்டிலிருந்து வந்தது. அதன் மேலே சின்ன பல்பு எரிந்ததைப் பார்த்து, இறந்தவர் என்று தானாகவே முடிவுகட்டினான். செட்டில் சந்தனம் வைத்து மாலையும் போட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சினிமா வெளியான பிறகுதான் உதவியாளன் கிரி சொன்னான்: "சார், அந்தாளு சாகல. பத்தொம்பது வருஷம் முன்னாடி ஒர்க்‌ஷாப்புக்குப் போனவரு, திரும்பல. அந்தம்மா இன்னும் குங்குமம் வெக்கிறாங்க."

திருப்பிக் கொடுக்கப் பயந்து எட்டு மாதம் அலமாரியில் வைத்திருந்தான். பிறகு ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்த கையோடு எடுத்துக்கொண்டு போனான்.

திரிபுரசுந்தரி கதவைத் திறந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது.

"ஆன்ட்டி, நான் கேக்காம மாலை போட்டு..."

"பாத்தேன்பா. பக்கத்து வீட்டு பத்மஜா என்னை தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனா. பாதியில எழுந்து வந்துட்டேன். இப்ப தெருவே கேக்குது, பொட்ட எப்ப எடுப்பீங்கன்னு. சினிமாக்காரனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையாம்."

அவன் போட்டோவை இரண்டு கையாலும் நீட்டினான்.

கண்ணாடியில் காய்ந்திருந்த சந்தனத்தை அவள் முந்தானையால் துடைத்தாள். முழுதும் போகவில்லை. அப்படியே மாட்டிவிட்டு பல்பைப் போட்டாள்.

"சாப்பிட்டியா?"

"நக்கோ ஆன்ட்டி, வேணாம், பரவால்ல."

"உக்காரு. கோபம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வந்தவங்கள நான் பசியோட அனுப்புனதில்ல. இங்க நான் ஒருத்தருக்குப் போட்டா, அங்க அவருக்கு யாராவது போடுவாங்க. தினம் அத நம்பித்தான் உலை வெக்கிறேன்."

ரசஞ்சோறு வைத்தாள். முதல் வாய் எடுத்து வைத்தான். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. ஜெயகரன் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எங்கிருந்தாலும் இன்று பசியாறட்டும் என்று மனதுக்குள் ஜெபித்தான். தட்டு காலியானதும், வெட்கப்படாமல் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.