ஆபீஸிலிருந்து ஒருத்தி

வாளித் தண்ணீர் கறுக்கவில்லை. அவள் துணியை மறுபடியும் முக்கி எடுத்து, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தாள். குழாயிலிருந்து எப்படி விழுந்ததோ அப்படியே தெளிவாக இறங்கியது தண்ணீர். முன் அறையில் கணவரைக் கிடத்தியிருக்கிறது, வந்தவர்கள் நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கிறார்கள், வீட்டுக்காரி மட்டும் குளியலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் நேற்று வேலைக்குக் கொண்டுபோன துணிகளை அலசிக்கொண்டிருக்கிறாள்.

நாத்தனார் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப்பார்த்தாள்.

"அண்ணி, இப்ப இதைத் துவைச்சே ஆகணுமா? எல்லாரும் உங்களைக் கேக்கறாங்க."

"ஊறிக் கிடந்தா நாறும்."

"நாறினா நாறட்டும். அண்ணனே போயிட்டான், துணியைக் கட்டிக்கிட்டு அழறீங்களே."

சொன்னவளே அழத் தொடங்கிவிட்டாள். நாத்தனாருக்குக் கண்ணீர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். டிவியில் யாரோ முன்பின் தெரியாதவர்கள் பிரிந்தாலே மூக்கைச் சிந்துகிறவள், கூடப் பிறந்தவனுக்கு அழாமல் இருப்பாளா?

இவளுக்குத்தான் ஒரு சொட்டு வரவில்லை. வந்தவர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள், தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டார்கள் என்பதும் இவளுக்குத் தெரியும். கல்நெஞ்சம் ஒன்றும் இல்லை. அழுவதற்கு முன்னால் ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தன்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷனுக்காக அழுவதா, இல்லை, கடைசி ஒரு வருஷம் தன் கண்ணில் மண்ணைத் தூவியவனுக்காக அழுவதா? வண்டி வருவதற்குள் தெரியவேண்டும். வண்டி வந்து தூக்கிக்கொண்டு போனபிறகு யாரைக் கேட்பது?

அவரைத் தெருவில் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக் கண்ணாடி, வீட்டு ஜன்னல், மாடிக் கட்டடம் எதுவானாலும் ஏணியும் வாளியும் தண்ணீர் வழிக்கிற வைப்பருமாகப் போய்த் துடைத்துக் கொடுப்பார். சாயங்காலம் வந்ததும் அன்று துடைத்த துணி மூட்டையை இவளிடம் போடுவார். இவள் அலசுவாள். அலசுகிற தண்ணீரைப் பார்த்தே அவர் அன்று எங்கே இருந்தார் என்று சொல்லிவிடுவாள். கறுப்பாக இறங்கினால் பஸ் போகிற சாலை. கையில் பிசுபிசுத்தால் சாப்பாட்டுக் கடை. அடியில் வெள்ளையாகத் தங்கினால் புதுக் கட்டடம். சொல்லிச் சொல்லி அவரைச் சிரிக்கவைத்ததுண்டு. "உன்கிட்ட ஒண்ணும் மறைக்க முடியாது போலிருக்கே" என்பார்.

ஆனால் மறைத்தார். ஒரு வருஷமாக, வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, துணி ஈரமாக வந்தது, அழுக்காக வரவில்லை. வேலை செய்யாதவன் குழாயடியில் நனைத்துக்கொண்டு வந்தால்தான் அப்படி இருக்கும். வேலைக்குப் போகாமல் எங்கே போனார்?

இவள் ஒன்றும் சந்தேகத்தோடு பிறந்தவள் இல்லை. அதற்கு முந்தின காலத்தையும் பார்த்தவள்தான். துப்புரவுக் கம்பெனியில் சூப்பர்வைசரோடு சண்டை போட்டுவிட்டு வந்த அன்று, "இனிமே ஏன் லேட்டுன்னு என்னைக் கேக்க இந்த உலகத்துல ஒருத்தன் கிடையாது" என்று மார்தட்டிக்கொண்டார். சொந்தத் தொழில். ஆரம்பத்தில் யார் கூப்பிட்டாலும் சரி என்றார். முடியாது என்ற சொல்லே அவர் வாயில் வராது. ஒரே நாளில் ஊரின் இந்தக் கோடியில் ஒரு வேலை, அந்தக் கோடியில் ஒரு வேலை. தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வீட்டுக்கு வருவார், சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கிவிடுவார். அப்படியே ஓடி ஓடி, ஒருநாள் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். தலையணைக்கு அடியில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கேட்க ஆளில்லாத வேலையாயிற்றே, போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. ஒரு நாள் ஒரு வாரமாயிற்று. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு முறை இவள் வாய்விட்டுக் கேட்டாள். "எப்ப போறது எப்ப வர்றதுன்னு எனக்குத் தெரியும்" என்று எரிந்து விழுந்தார். அதற்குப் பிறகு இவள் கேட்கவில்லை. பாவம், அலுத்துப்போயிருக்கிறார் என்று போர்வையை இழுத்து மூடிவிட்டு, திரைச்சீலையையும் இழுத்துவிட்டு, சத்தம் போடாமல் சமையலறைக்குப் போய்விடுவாள்.

அப்படிக் கிடந்தவர் திடீரென்று திருந்தினார். காலையில் தானே எழுந்தார். ஷேவிங் செய்துகொண்டார். சட்டைக்கு இஸ்திரி போட்டார், சட்டைப்பையில் சீப்பு வைத்துக்கொண்டார். முதலில் இவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தாள். ஜன்னல் துடைக்கப் போகிறவனுக்கு எதற்கு இஸ்திரி போட்ட சட்டை? ஒரு மனுஷன் சும்மா இருக்கும்போது சும்மாவே திருந்துவானா?

போதாக்குறைக்குத் தினம் காலையில் போன். திரையில் 'ஆபீஸ்' என்று பெயர் வரும். சொந்தத் தொழில் செய்கிறவனுக்கு எங்கே இருந்து வந்தது ஆபீஸ்? ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது இவளே எடுத்தாள். ஹலோ சொல்வதற்குள் ஒரு பெண் குரல் பொரிந்து தள்ளியது.

"இன்னும் கிளம்பலயா? நேத்தும் இதே கதைதான். தினம் தினம் ஒரு சாக்கு. நான் எத்தனை நாளைக்குத்தான் உங்களுக்காக வாசலைப் பார்த்துக்கிட்டு நிக்கிறது?"

இவள் வைத்துவிட்டாள். முன்பின் தெரியாதவள் ஒரு ஆம்பிளையை அந்த உரிமையோடு திட்டமாட்டாள். பெண்டாட்டி திட்டலாம். பெண்டாட்டியாகப் பார்க்கிறவள் திட்டலாம். அன்றிலிருந்து இவள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

நேற்றுக் காலை பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய போனிலிருந்தே அழைப்பு. அதே குரல், ஆனால் உடைந்துபோய். "சீக்கிரம் வாங்க, உங்க வீட்டுக்காரர் சாஞ்சுட்டார்." கடைவீதியில் ஒரு தையல் கடை வாசலில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்தது. இவள் போய்ச் சேர்வதற்குள் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருந்தார்கள், அங்கே அந்தக் குரல்காரியைக் காணவில்லை. பள்ளிக்கூடம் இருப்பது கிழக்கே. கடைவீதி மேற்கே.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

முன் அறையில் யாரோ கேட்டார்கள். இவள் கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்தது. அந்தக் குரல்தான். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடியே வெளியே வந்தாள்.

அழகியா என்றுதான் முதலில் பார்த்தாள். பார்க்காமல் இருக்க இவள் என்ன முற்றும் துறந்தவளா? அழகி இல்லை. ஐம்பதைத் தாண்டிய, கட்டை குட்டையான பெண். புடவையெல்லாம் நூல் துணுக்கு. கழுத்தில் அளவு டேப், அவிழ்க்க மறந்து அப்படியே வந்திருக்கிறாள். அழகியாக இல்லாததால் கோபம் இன்னும் கூடியது. இந்தப் பொம்பளையிடம் அப்படி என்னத்தைக் கண்டார்?

தையல்காரி உடலுக்குச் சற்றுத் தள்ளி நின்றாள். அழவில்லை. வகுப்பில் தூங்கிப்போன பையனைப் பார்க்கிற மாதிரி, கொஞ்சம் எரிச்சலோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையிலும் உரிமை இருந்தது.

"உள்ள வாங்க, தண்ணி தரேன்" என்றாள் இவள். சமையலறைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினாள். தண்ணீர் தரவில்லை.

"நீங்கதானே ஆபீஸ்?"

தையல்காரி விழித்தாள். "என்னது?"

இவள் அலமாரியிலிருந்து அவருடைய போனை எடுத்து நீட்டினாள். வரிசையாக அதே பெயர்.

தையல்காரி பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஆபீஸ்னா போட்டிருந்தார்? கிறுக்கு மனுஷன்."

"நீங்க அவருக்கு என்ன வேணும்? சுத்தி வளைக்காம சொல்லுங்க. நான் சத்தம் போட மாட்டேன். வெளிய அவர் தங்கச்சி இருக்கா, தம்பி இருக்கார், அவங்க யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் சொல்லுங்க."

"நான்..." தையல்காரி டேப்பின் நுனியைப் பிடித்துச் சுருட்டினாள், விட்டாள். "நான் அவருக்கு சூப்பர்வைசருங்க."

இவளுக்கு ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. "என்ன, விளையாடறீங்களா?"

"உங்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணக்கூடத் தயார். என் கடைக் கண்ணாடியை அவர்தான் துடைப்பார். போன வருஷம் ஆளைக் காணவே காணோம். போன் பண்ணா எடுக்கறதில்ல. ஒருநாள் எடுத்தார், கிழி கிழின்னு கிழிச்சுட்டேன். எனக்கு வாய் அப்படி. அடுத்த நாள் காலையில வந்து நிக்கிறார். 'நீங்க திட்டினதுலதாங்க எழுந்தேன், இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் எழுந்தேன், தினமும் திட்டுவீங்களா'ன்னு கேக்கறார்."

கேட்கிற கதை நம்பும்படியாக இல்லை. நம்பும்படியாக இல்லாததாலேயே பொய்யாகவும் தோன்றவில்லை. பொய் சொல்கிறவள் இதைவிட நல்லதாகச் சொல்வாளே.

"நான் திட்டணும், அவர் என் கண்ணாடியைத் துடைக்கணும். அதான் பேச்சு. தினம் காலையில என் கடைக்கு வந்து தலையைக் காட்டிட்டுத்தான் வேலைக்குப் போவார். சட்டை கசங்கியிருந்தா அதுக்கும் திட்டுவேன். அடுத்த ஊர்ல ஒரு வேலை, வர்றீங்களான்னு யாராவது கேட்டா, என்னைக் கேட்டுட்டுத்தான் சரிம்பார். 'இந்த வாரம் இதுக்கு மேல தாங்காது, வேணாம்னு சொல்லுங்க'ன்னு நான் சொன்னாத்தான் வேணாம்னு சொல்லுவார். சில நாள் வேலையை நெனச்சாலே மலைப்பா இருக்குன்னு உட்கார்ந்துடுவார். சரி, இந்த ஒரு கண்ணாடியை மட்டும் துடைங்க, அப்புறமும் வீட்டுக்குப் போகணும்னா போங்கம்பேன். துடைச்சதும் கை சூடாகிடும், ஏணியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவார். கிளம்ப முடியாத நாளும் உண்டு. அன்னிக்கெல்லாம் அந்த ஒரு கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைச்சுக்கிட்டு இருப்பார்."

சுத்தமான கண்ணாடியைத் துடைத்தால் துணியில் என்ன இருக்கும்? இவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு வருஷமாகத் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் கட்டிய கோட்டை சரிந்துகொண்டிருந்தது. ஆனால் விடவும் மனசில்லை.

"அப்ப ஏன் நேத்து ஆஸ்பத்திரிக்கு வரல? தப்பு இல்லாதவங்க ஏன் ஒளியணும்?"

"வந்தேங்க. வாசல்ல உங்க நாத்தனார், நீங்க யாருன்னு கேட்டாங்க. என்னன்னு சொல்லுவேன்? திட்டறவன்னா?"

வெளியே யாரோ இருமினார்கள். கடைசியாக, கேட்க வேண்டாம் என்று நினைத்ததையே இவள் கேட்டாள்.

"ஏன், நான் திட்ட மாட்டேனா? என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

தையல்காரி தயங்கினாள். "நானும் கேட்டேன். வீட்ல திட்டச் சொல்ல வேண்டியதுதானேன்னு. 'அவ திட்ட மாட்டா. பாவம் படுத்துக்கட்டும்னு போர்வையைப் போத்திட்டுப் போயிடுவா. அப்புறம் எங்க எழுந்திருக்கறது'ன்னார். அதுவும் இல்லாம, எனக்கு மேல ஒருத்தன் கிடையாதுன்னு உங்ககிட்ட வீறாப்பாச் சொல்லிட்டாராம்."

இவளுக்கு எங்கோ சுருக்கென்றது. அவர் இன்னொருத்தியிடம் போகவில்லை என்று தெரிந்ததில் வரவேண்டிய நிம்மதி வரவில்லை. அவரை எழுப்பியவள் வேறொருத்தி. இவள் தூங்க வைத்திருக்கிறாள், ஆசை ஆசையாக. இதைவிட அந்தச் சந்தேகமே தேவலை என்று ஒரு கணம் தோன்றியது. இப்போதுதான் தண்ணீரை மொண்டு கொடுத்தாள்.

தையல்காரி குடித்தாள். செம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள். "நேத்து என்கிட்ட லீவு கேட்டார்."

"லீவா?"

"நாளைக்கு ஒரு நாள் வேணும்னார். வீட்டு ஜன்னல் பார்க்கச் சகிக்கல, ஊர்க் கண்ணாடியெல்லாம் துடைக்கிறவன் வீடு இப்படியான்னு அவ கேலி பண்றா, துடைச்சுக் கொடுத்துடறேன்னார். நான் சும்மா இருக்காம, பள்ளிக்கூடத்து வேலையை முடிச்சுட்டு வாங்க, அப்புறம் யோசிச்சுச் சொல்றேன்னேன். முறுக்கிக்கிட்டேன், விளையாட்டுக்குத்தான். சிரிச்சார். வைப்பரைக் கீழே வெச்சுட்டு, கொஞ்சம் உட்கார்றேன்னார். லீவு தரேன்னு நான் சொல்லவே இல்லைங்க."

கதவைத் தட்டினார்கள். கொழுந்தன். "அண்ணி, வண்டி வந்துடுச்சு."

இவள் குளியலறைக்குப் போய், வாளியிலிருந்த துணிகளைப் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்தாள். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். முன் அறையில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். நாலு பேர் குனிந்து தூக்கப் போனார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் இவள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சமையலறை வாசலில் நின்ற தையல்காரியைக் கூப்பிட்டாள். "இங்க வாங்க. அவர் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல. சொல்லிடுங்க."

"யாரு அண்ணி இது?" என்றாள் நாத்தனார்.

"அவர் ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க."

தையல்காரி வந்து குனிந்தாள். டேப்பைக் கழுத்திலிருந்து இழுத்து முஷ்டிக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு இவள் போனில் கேட்ட அதே அதட்டலில் சொல்லத் தொடங்கினாள். "சரி, சரி, எடுத்துக்கோங்க. ஒரு நாள் லீவுக்கு..." அதற்கு மேல் அதட்ட முடியவில்லை.

அவரைத் தூக்கினார்கள். இவள் கையில் இருந்த துணிகளை எங்கே போடுவது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள். திரைச்சீலையை ஒதுக்கி, ஜன்னலுக்கு மேலே இருந்த கம்பியில் ஒன்றொன்றாகப் போட்டாள். தூசி படிந்து வெளியே ஒன்றும் தெரியாத ஜன்னல். துணியிலிருந்து தண்ணீர் கண்ணாடியில் வழிந்து கறுப்பாகச் சட்டத்தில் இறங்கியது. இறங்கிய இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு வெளுத்தது. அந்தக் கோட்டின் வழியாகத் தெரு தெரிந்தது, வண்டியின் பின்கதவு தெரிந்தது. கதவைச் சாத்துகிறவரைக்கும் இவள் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.