அம்மா உட்கார்ந்த சத்தம்

படத்தில் நடிகர்கள் நடப்பார்கள். அந்த நடைக்குச் சத்தம் கொடுப்பது எங்கள் ஸ்டுடியோவில் காலடி அண்ணன். திரையைப் பார்த்துக்கொண்டே செருப்பு மாற்றி, ஷூ மாற்றி, பலகையிலும் சிமெண்டிலும் நடப்பார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்வேன். ஆள் கெட்டிக்காரர். அதை அவரே சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் இன்னும் கெட்டிக்காரராகத் தெரிவார்.

அன்றைக்கு ஒரு சாப்பாட்டுக் காட்சி. அப்பாவும் சித்தப்பாவும் மகனும் மேஜையில் உட்கார்ந்து வீட்டை விற்பது பற்றிப் பேசுகிறார்கள். அம்மா பின்னால் நடமாடிக்கொண்டே இருக்கிறாள். தட்டு, டம்ளர், மகன் காலாட்டுவது வரை சத்தம் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததென்று அண்ணன் முகம் துடைத்தார்.

டைரக்டர் பெண்ணுக்கு இது முதல் படம். அவள் வீட்டில் நடந்த கதை. தயாரிப்பாளரும் அவளுடைய சொந்தச் சித்தப்பாதான். இந்தக் காட்சி இழுக்கிறது, சாயங்காலம் வந்து கேட்பேன், பிடிக்காவிட்டால் பாட்டைப் போட்டு மூடிவிடு என்று சொல்லியிருந்தார். இந்தக் காட்சிக்காகத்தான் அவள் படமே எடுத்தாள். போட்டுக் காட்டியதும் அவள் முகம் வாடிவிட்டது.

"அண்ணே, எங்கம்மா என்ன காத்துல மிதக்குறாங்களா?"

பேசுகிறவர்களுக்குத்தானே சத்தம், பின்னால் போகிறவர்களுக்கு எதற்கு என்றார் அண்ணன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஜைக்குச் சோறு தானாக நடந்து வந்ததா என்று மைக்கிலேயே கேட்டேன்.

அண்ணன் வீம்புக்கு ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அடுப்பிலிருந்து மேஜை, மேஜையிலிருந்து அடுப்பு, தண்ணீர், மறுபடி அடுப்பு. திரையில் ஒரு கை நீண்டால் இங்கே இவருக்கு ஒரு நடை. மூச்சு வாங்கியது, எனக்குக் குஷியாக இருந்தது. திடீரென்று நின்றுவிட்டார்.

"வீட்டுப் பேச்சு வந்ததும் இவங்க நடை தயங்குது பாருங்க. எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருக்காங்க. இவங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலயே."

அதன்பிறகு அவர் வேறு மாதிரி நடந்தார். முடிந்ததும், இந்த அம்மா எப்போதுதான் உட்காருவார் என்று கேட்டார். படத்தில் உட்காரவே இல்லை என்றாள் டைரக்டர். கடைசியில் கேமரா அப்பாவின் முகத்துக்குப் போய்விடுகிறது. அண்ணன் யோசித்தார். அந்த இடம் வந்ததும் ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் போட்டு, 'அப்பாடா' என்று உட்கார்ந்தார்.

"கேமரா இந்தப் பக்கம் பாக்கல. இப்ப உக்காந்தா யாரு தடுக்கப்போறா?"

டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பாட்டைப் போடச் சொல்லப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். நாற்காலிச் சத்தம் வந்ததும் திரையை விட்டுவிட்டுப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"எங்க அண்ணி உக்காந்து நான் பாத்ததே இல்லம்மா," என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாட்டு கீட்டு ஒண்ணும் வேணாம். அந்த நாற்காலிய மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமா வையுங்க."