வாசல் மணலில் கடலாமை

எழில்மதி பத்தாம் வகுப்புப் படித்த வருஷம், மாசி மாதத்தில், வடக்கனந்தலில் அவர்கள் வாசலில் கொட்டிக் கிடந்த ஆற்றுமணலில் ஒரு கடலாமை முட்டையிட்டுவிட்டுப் போனது. அங்கிருந்து கடலுக்கு பஸ்ஸிலேயே அரைநாள் பிடிக்கும். எந்த வழியாக வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆமை புகுந்த வீடு உருப்படுமா என்றுதான் கேட்டார்கள். மணல், எழில்மதியின் அம்மா ஆயம்மாள் வீடு கட்ட வாங்கிப் போட்டது. புருஷன் செத்த பிறகு பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போனவள், ஊரார் வீட்டையெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டுப் பொங்கலுக்குப் பொங்கல்தான் வருவாள்.

அதே வாசல் வேப்பமரத்தில் மரங்கொத்தி ஜோடி பொந்து குடைந்து, மாற்றி மாற்றி அடைகாத்துக்கொண்டிருந்தது. எழில்மதியை வளர்த்துவந்த பெரியம்மா ராணியம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா? “அந்தக் குருவியப் பாரு, ஆம்பளகூட முட்டமேல குந்திக்கினு கீது. இந்தச் சனியன் போட்டுட்டுப் போய்க்கினே இருக்குது, உங்கம்மா மாதிரி” என்றாள். எழில்மதிக்குச் சுருக்கென்றது. அம்மா தன்னைப் போட்டுவிட்டுப் போய்விட்டாளோ என்ற சந்தேகம் அவளுக்கும் ரொம்ப நாளாக உண்டு.

முட்டைகளை அள்ளி ஏரியில் கொட்டுவதென்று தெரு கூடி முடிவு செய்தது. சாயங்காலம் டீ நேரத்தில் வழக்கம்போல் அம்மா போன் செய்தபோது எழில்மதி அழுதாள். “அள்ள வுடாதடி. பறவ தொட்டுப் பொரிக்கும், ஆம நெனச்சே பொரிக்கும். எங்க கீதோ, நெனச்சிக்கினுதான் இருக்கும்” என்றாள் ஆயம்மாள். பேசிக்கொண்டே எழில்மதி மணலில் கை வைத்தாள். அப்போதுதான் இறக்கிய இட்லிபோலச் சுட்டது.

மறுநாள் அள்ள வந்தவர்கள் சூடு பொறுக்காமல் கையை உதறிக்கொண்டு திரும்பினார்கள். எழில்மதி மணல்மேட்டிலேயே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தாள். பங்குனியில் ஒருநாள் மணல் சில்லிட்டுப்போனது. பதறி போன் போட்டு, “இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டாள். காய்ச்சலில் சுருண்டு கிடந்த ஆயம்மாள், “உனக்கு யாருடி சொன்னது?” என்றாள். மணலில் இருந்தது அம்மாவின் நினைப்புச் சூடுதான் என்று தெரிந்த அந்த நிமிஷம் எழில்மதிக்கு அம்மாவை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

மரங்கொத்திக் குஞ்சுகள் பறந்த அன்றே ஆமைக்குஞ்சுகளும் வெளியே வந்தன. எல்லாம் ஒருமுறை பெங்களூர்த் திசையில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கோமுகி ஆற்றுக்கு வரிசையாக நடந்தன. அவை ரோட்டைத் தாண்டும்வரை கள்ளக்குறிச்சி பஸ்ஸைக் கண்டக்டர் விசிலடித்து நிறுத்தினார். பின்தங்கியதை முந்தானையில் ஏந்திப் போனவள் ராணியம்மாள்தான்.

அதன் பிறகு அந்தத் தெருவில் மணல் இறக்கினால், மாசி வந்து போகும்வரை யாரும் கை வைப்பதில்லை, ராணியம்மாள்தான் காவல். எழில்மதி இப்போது கள்ளக்குறிச்சியில் நர்சிங் படிக்கிறாள். யார் வளர்த்தார்கள் என்று கேட்டால், “பெரிம்மா தொட்டு வளத்தாங்க, அம்மா நெனச்சி வளத்தாங்க” என்று நிமிர்ந்து சொல்வாள். சாயங்காலமானால் அவள் உள்ளங்கை சுடும். “அம்மா டீ குடிக்குது” என்பாள். விடுதிப் பெண்கள் சரி என்று தங்கள் டம்ளரை எடுத்துக்கொண்டு டீக்கு எழுந்து போவார்கள்.