தேநீருக்குக் கரையாத துரு

ஜப்பானின் தேயிலை மலையூரான எங்கள் நகாகுபோவில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத் துருப் பிடிக்கும். முதலில் முழங்கால், பிறகு காது மடல், சிலருக்குக் கழுத்து. நாளுக்கு ஐந்தாறு கோப்பை பச்சைத் தேநீர் குடித்தால் துரு கரைந்து குளிக்கும் தொட்டியில் செம்மண் நிறமாக இறங்கிவிடும் என்பதால் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை; தொட்டி கழுவுகிற மருமகள்கள் மட்டும் முணுமுணுப்பார்கள். பஞ்சாங்கப்படி வசந்தம் பிறந்து எண்பத்தெட்டாம் நாள் பறித்த கொழுந்தைக் குடித்தால் ஆண்டு முழுவதும் நோய் அண்டாது என்றும் இங்கே எல்லோரும் நம்புகிறோம். ஷோவா அறுபதாம் ஆண்டில், அதாவது 1985இல், நகரத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்து பதினோரு நாள் தங்கி, எங்கள் முழங்கால்களைச் சுரண்டிக் குப்பிகளில் அடைத்துக்கொண்டு போனார்.

மறு வசந்தத்தில் அவருடைய கடிதம் ஊர்க் கூட்டுறவுத் தேயிலை ஆலையின் தலைவர் சுசாகி யோஷிஹாருவுக்கு வந்தது. தேயிலையில் உள்ள சத்து உடம்பைத் துருப்பிடிக்காமல் காக்கிறது, அதைக் குடித்து வருகிறவர்களிடம் நாள்பட்ட நோய்கள் குறைவாகத் தெரிகின்றன என்றது ஒரு வாக்கியம். ஆனாலும் இது மருந்தல்ல, ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றது அடுத்த வாக்கியம். யோஷிஹாரு முதல் வாக்கியத்தை மட்டும் தேயிலைப் பொட்டலத்தில் அச்சடித்தார். இரண்டாவதற்கு இடமில்லை என்று அச்சகத்தாரிடம் சொன்னார். இடமிருந்தது. அந்த இடத்தில் ஃபுஜி மலையைப் போட்டுவிட்டார்.

இறந்துபோன அவர் அண்ணனின் மனைவி ஃபுசாயே பக்கத்து வீட்டில் இருந்தார். ஒன்பது வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். பொட்டலமும் கையுமாக ஆலைக்கே வந்துவிட்டார்.

"யோஷி, இதுல போட்டிருக்கிறது நெசமா? அப்ப எதுக்கு நான் தினம் அந்தக் கசப்ப முழுங்கணும்?"

"படிச்சவர் சொன்னதுதான் அண்ணி. நம்ம எலைய நாமளே நம்பலேன்னா வெளியூர்க்காரன் எப்படி நம்புவான்?"

பொய் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. ஃபுசாயே அன்றே மாத்திரையை நிறுத்தினார்.

நாளுக்குப் பன்னிரண்டு கோப்பை குடித்தார். உடம்பில் ஒரு பொட்டுத் துரு இல்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் அவர் பிடரியில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளும் அளவுக்கு மினுமினுப்பு. அடுத்த பொட்டலத்தில் ஃபுஜிக்குப் பக்கத்தில் அவர் படமும் வந்தது. அதற்கடுத்த ஆண்டு, எண்பத்தெட்டாம் நாள் காலையில், பறித்துக்கொண்டிருந்தவர் செடிகளின் மேலேயே சாய்ந்தார். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. கீழூர் டாக்டர் வந்து சுரண்டிப் பார்த்தார்.

"துருவே கெடையாது. இது பிரஷர். மாத்திரைய எப்ப நிறுத்துனாங்க?"

எல்லார் வீட்டிலும் அந்தப் பொட்டலம் இருந்தது. யோஷிஹாரு தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலைக்குள் அவர் உதட்டில் துரு ஏறிவிட்டது. நாற்பது கோப்பை குடித்துப் பார்த்தார். தொட்டித் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. துரு தாடைக்கு இறங்கி, தோளுக்குப் பரவி, முழங்கையை இறுக்கியது. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பல்வலி என்றார். அண்ணியின் வாசலைத் தவிர்க்க, ஆலைக்கு மலையைச் சுற்றிப் போனார். யாராவது உபசாரமாகத் தேநீர் ஊற்றினால் மனிதருக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்படி ஐந்து மாதம் ஓட்டினார். பிறகு தாங்க முடியாமல் போய் அண்ணியின் படுக்கையருகே மண்டியிட்டார்.

"அந்தக் கடுதாசில இன்னொரு வரி இருந்துச்சு அண்ணி. மாத்திரைய நிறுத்தக் கூடாதுன்னு. தெரிஞ்சேதான் விட்டேன்."

ஃபுசாயே இடது உதட்டால் மட்டும் சிரித்தார்.

"நீ பாதிதான் சொன்ன. எனக்கும் இப்ப பாதி வாய்தான் பேசுது. சரியாப் போச்சு போ." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "மத்தவங்க வீட்லயும் மாத்திரை இருக்கும்ல? போய்ச் சொல்லு. மூஞ்சில துண்டு இல்லாம போ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நாற்பத்து மூன்று வீட்டிலும் துருப்பிடித்த வாயோடு நின்று அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னார். ஏழு பேர் உள்ளே போய் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்த மாத்திரைகளைத் தேடி எடுத்தார்கள். ஒருவர் காறித் துப்பினார். மறு ஆண்டுப் பொட்டலத்தில் இரண்டு வாக்கியமும் வந்தன, ஃபுஜி இல்லை. விற்பனை பாதியாகக் குறைந்தது.

துரு மட்டும் போகவில்லை. பதினோரு ஆண்டுகளாக, தினமும் காலையில் கீல்கள் கிறீச்சிட அவர் அண்ணி வீட்டுக்கு மாத்திரை கொடுக்கப் போகிறார். முழங்கை மடங்காது. அண்ணிதான் தன் தலைக்குத் தடவும் கமேலியா எண்ணெயை எடுத்து, விளங்குகிற இடது கையால் அவர் மூட்டில் தேய்த்துவிடுகிறார்.

"ஆடாத யோஷி, எண்ணெ வீணாப் போவுது."

கை மடங்கியதும் மாத்திரையை அண்ணியின் நாக்கில் வைத்து, தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்கிறார் யோஷிஹாரு. இத்தனை வருடத்தில் ஒருநாளும் அண்ணியின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. கழுத்தும் துருப்பிடித்துவிட்டது, அதனால்தான் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறோம்.