ஒவாதியாக்களின் களைப்பு

ஸெஃப்ரூவின் யூதத் தெருவில் ஒவாதியா என்று யாரைக் கூப்பிட்டாலும், அந்தப் பெயரோடு செத்துப்போனவர்களும் எழுந்து வந்துவிடுவார்கள். பெயருக்கு ஊழியக்காரன் என்று பொருள். கூப்பிட்ட பிறகு படுத்துக் கிடக்க அவர்களால் ஆகாது. ஃபெஸ் நகரத்து நீதிபதி வருவார். தொலேதோவில் நட்சத்திரம் பார்த்தவர் கரிந்த அங்கியோடு வருவார். தன்னையே மேசியா என்று அறிவித்து ஒரு ஊரையே கடற்கரையில் காக்க வைத்தவர், யார் முகத்தையும் பார்க்காமல் வருவார். கெய்ரோ வைத்தியருக்குத்தான் பாடு அதிகம். வந்து சேரவே மாதக்கணக்கில் நடக்க வேண்டும். "உங்களை இல்லை, சேணம் தைக்கிறவரைக் கூப்பிட்டோம்" என்றதும் தலையாட்டிவிட்டுத் திரும்புவார். பாதி வழி போவதற்குள் மறுபடி யாராவது கூப்பிடுவார்கள். அவர் தன் கல்லறையைப் பார்த்தே வெகுகாலம் ஆயிற்று என்று பேச்சு. அவர்கள் விட்டுப்போகும் புழுதியைப் பெண்கள் கூட்டித் தள்ளிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவார்கள்.

சேணம் தைக்கிற ஒவாதியாவின் மருமகள் ஃப்ரெஹா. நாலு பெண்களுக்குப் பிறகு அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. உயிரோடிருக்கும் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பதுதான் அங்கே மரியாதை. பெயர் வைக்கும் விருத்தசேதனச் சடங்குக்கு இரண்டு நாள் முன்பு, யாரும் கூப்பிடாமலே, அவர்கள் எல்லோரும் முற்றத்தில் வந்து நின்றார்கள்.

"தாயி, பிள்ளைக்கு எங்க பேரு வேண்டாம்" என்றார் வைத்தியர்.

"மாமா உசுரோட இருக்கார். அவர் பேரை விட்டா, அவரை இப்பவே பாடையில ஏத்தின மாதிரி ஆயிடாதா?"

"கிழவரை ஊரு எப்பவாவதுதான் கூப்பிடுது. பையனை நீ எத்தனை தடவை கூப்பிடுவே?"

ஃப்ரெஹா தன் பெண்களை நினைத்துப் பார்த்தாள். "வாய் ஓயாது" என்றாள்.

மேசியாவாக இருந்தவர் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். குதிகாலில் தோலே இல்லை. அவள் நீதிபதியின் பக்கம் திரும்பி, "நீங்களாவது ஒரு தீர்ப்புச் சொல்லுங்களேன்" என்றாள்.

"எப்படிம்மா சொல்றது? நானும் இதுல வாதி."

மாமனாரிடம் போய்ச் சொன்னாள். கிழவர் தோல் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அவங்களுக்குக் கால் வலிக்குது, சரி. நான் என்ன தீர்ப்புச் சொன்னேனா, நட்சத்திரம் பார்த்தேனா? கழுதைக்குச் சேணம் தைச்சேன். பேரனைக் கூப்பிடுறப்ப நானும் எழுந்து வந்து வாசல்ல நிக்கலாம்னு இருந்தேன். அதுவும் இல்லேன்னா என்னை யாரும்மா கூப்பிடுவா?"

கிழவர் இரண்டு நாளும் சாப்பிடவில்லை.

எட்டாம் நாள் பிள்ளையைத் தாத்தா மடியில் வைத்துப் பெயர் கேட்டார்கள். செத்தவர்கள் வாசல் சுவரில் சாய்ந்திருந்தார்கள்; வைத்தியர் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கிழவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நோவா" என்றார். இளைப்பாறுதல் என்று அர்த்தம்.

"காது அடைச்சுப் போச்சா ஓய்? உம்ம பேரைச் சொல்லும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"சொல்லியாச்சு. பிள்ளை அழுவுறான், உதட்டுல திராட்சரசம் தொட்டு வைங்க."

செத்தவர்கள் நன்றிகூடச் சொல்லாமல் கிளம்பினார்கள். வைத்தியரைத்தான் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.

அன்று முதல் தெரு கிழவரைச் சேணக்காரர் என்றே கூப்பிட்டது. சில வருஷம் கழித்து அவர் இறந்தார். பிறகு ஒவாதியா என்ற பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஃப்ரெஹா ஆற்றுப்பாலம்வரை கேட்கும்படி நோவாவைக் கத்திக் கூப்பிடுவாள். அவன் ஒருவன்தான் வருவான், அதுவும் தாமதமாக.

பெண்கள் எல்லோரும் கட்டிக்கொடுக்கப்பட்டு காஸாபிளாங்காவுக்குப் போய்விட்ட பிறகு, ஒரு மழைக்கால மதியம், மாவு பிசைந்துகொண்டிருந்தவளுக்குச் சலிப்புத் தாங்கவில்லை. "மாமா" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் கிழவர் மட்டும் வந்தார். மேலே ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"என்னம்மா வேலை?"

"வேலை ஒண்ணும் இல்லை மாமா."

புதினாத் தேநீரைக் குடித்துவிட்டுச் சர்க்கரை போதவில்லை என்றார். அடுத்த முறை அவள் இன்னொரு கட்டி போட்டாள்.