வர்ணம் வழிந்த விமானம்

ஸ்கூட்டரில் ஸ்டெப்னி எதற்கு இருக்கிறது? வழியில் டயர் போனால் மாட்டிக்கொள்ள. எங்கள் வீட்டு ஸ்டெப்னி மட்டும் சாயங்காலம் மாடிக்குப் போகும்; சப்பையாகி இறங்கி வரும். மறுநாள் காலையில் காற்றடிக்க லிங்கப்பன் கடைக்குப் போகும்.

லிங்கப்பனையே கேட்டேன். "பங்ச்சர் எல்லாம் இல்லம்மா. தினா காத்து அடிக்கறேன், தினா காலியா வருது. ஐயாவைத்தான் கேக்கணும்" என்றான்.

ஐயாவை என்னத்தைக் கேட்பது? என் வீட்டுக்காரர் பட்டாபிராமன், ரயில்வேயில் குமாஸ்தா. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு. ஆனால் குடித்ததை மட்டும் ஊரறியக் குடித்தார். ராஜ்யத்துக்குக் கர்நாடகா என்று பேர் வைத்துப் பத்து வருஷம் ஆன தீபாவளியன்று, எங்கள் பெண் லீலாவின் தலையில் கை வைத்து, இனி தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணினார். நானும் ஒன்று சொல்லி வைத்தேன். மறுபடி அந்த வாசனை வந்தால் லீலாவும் நானும் நஞ்சன்கூடு பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விடுவோம், திரும்பமாட்டோம்.

சங்கராந்தி கழிந்ததும் மாடி அறைக்கு உள்தாழ்ப்பாள் விழ ஆரம்பித்தது. உள்ளே உஸ் உஸ்ஸென்று சத்தம். சட்டையைத் துவைக்க எடுத்தால் ஸ்பிரிட் வாசனை. கேட்டால், ஆபீஸில் மெஷின் துடைத்தாராம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? லீலாவின் நல்ல கவுன்களைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டுத்தான் மாடி ஏறினேன்.

தட்டவில்லை, கதவை இடித்தேன். திறந்தார். மூக்கை மூடிக் கைக்குட்டை, விரலெல்லாம் நீலம். மேஜையில் சாண் நீளத்துக்கு ஓர் ஆகாய விமானம். என் தம்பி பாலன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் துண்டு துண்டாகக் கிடந்ததை ஒட்டியிருக்கிறார். பேனா பருமனில் ஒரு பெயிண்ட் துப்பாக்கி. அதிலிருந்து ரப்பர் குழாய் ஸ்டெப்னிக்குப் போயிற்று. அந்தக் காற்றுதான் வர்ணத்தைப் புகைபோல ஊதுகிறது. பக்கத்தில் ஒரு சீசா. முகர்ந்தேன். ஸ்பிரிட்டேதான். பெயிண்டைக் கரைக்கவாம்.

இதை ஏன் ஒளிக்க வேண்டும் என்று கேட்டேன்.

"வீட்டில ஸ்பிரிட் வச்சிருக்கேன்னு சொன்னா நம்பியிருப்பியா நீ? ஆறு மணி ஆனா கை பரபரங்கறது, சீதா. அதுக்கு ஒரு வேலை குடுத்தேன்."

நம்பத்தான் ஆசை. ஆனால் சீசா பாதி காலி. அதில் எவ்வளவு இறக்கைக்குப் போயிற்று, எவ்வளவு தொண்டைக்குப் போயிற்று, யார் கண்டது?

"ஏன்னா, ஜலத்தில கரைக்கப்படாதா இதை?"

கரைக்கலாமாம். அக்ரிலிக் பெயிண்ட் ஜலத்திலும் கரையுமாம். ஆனால் லேசில் காயாது. புதுசாகக் கற்றுக்கொள்கிறவர் கையில் வழிந்து, விமானமே கெட்டுப்போகும்.

"கெடட்டும்" என்றேன்.

பிறகு சீசாவைக் கீழே எடுத்துப்போய், வாசல் சாக்கடையில் அவரே கவிழ்த்தார்.

சொன்னபடியே கெட்டது. இறக்கை இரண்டிலும் நீலம் கோடு கோடாக வழிந்து உறைந்துவிட்டது. தசராவுக்கு அதைக் கொலுவில் முன்படியில் வைத்தேன். மழையில் நனைந்த காக்காய் மாதிரி இருக்கிறதென்று வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒவ்வொரு வழிசலையும் பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதி.

பாலன் மறுவருஷம் கொண்டுவந்த விமானமும் வழிந்தது. அதற்கடுத்த வருஷத்தது, ஒரு சொட்டு வழியாமல், கடையில் வாங்கினதுபோல மினுமினுவென்று மாடியிலிருந்து இறங்கிவந்தது. ஸ்பிரிட் இல்லாமல் இது எப்படி? மாடி ஏறினேன்.

கதவு திறந்தே இருந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"மெல்லிசா ஒரு பூச்சு. அது காயற வரைக்கும் கையைக் கட்டிண்டு உக்காந்திருப்பேன். அப்புறம் இன்னொண்ணு. அவ்வளவுதான்" என்று சொல்லி, பெயிண்ட் கரைக்கும் டம்ளரை நீட்டினார்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் முகர்ந்தேன். வெறும் ஜலம்.

கீழே வந்து, அன்றிலிருந்து கட்டிலடியிலேயே இருந்த பெட்டியைத் திறந்து லீலாவின் கவுன்களை வெளியே எடுத்தேன். ஒன்றுகூட இப்போது அவளுக்குப் பற்றவில்லை.