துரைக்கு ஒரு லைனிங்

மாஸ்டரின் தையல்கடைக்குள் அவர் மனைவி ஒரு மண்டையோட்டைத் தூக்கிக்கொண்டு நுழைந்தபோது, கோட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தவர் தூக்கிய கையை இறக்கவே மறந்துபோனார்.

“பயப்படாதீங்க, பிளாஸ்டிக்தான்” என்று டீச்சர் அதைக் கத்தரிக்குப் பக்கத்தில் வைத்தாள். மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு நடத்துகிறவள் அவள். “ஏங்க, இதுக்கு உள்ளே ஒண்ணு தைச்சுத் தரணும். திங்கக்கிழமை கிளாஸ்.”

மாஸ்டர் பழக்கதோஷத்தில் டேப்பை எடுத்து மண்டையைச் சுற்றினார். “இருபது இன்ச். தொப்பின்னா அரை மணி நேரம்.”

“தொப்பி வெளியே போடறது. நான் கேக்கறது உள்ளே.”

“உள்ளே போடறதுக்குப் பேரு லைனிங்.”

டீச்சருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூளைக்கு மூணு உறையாம். அடியில் மூளையோடு ஒட்டிக்கொண்டே வளைந்து நெளியும் மெல்லிசு ஒன்று, நடுவில் சிலந்தி வலை மாதிரி ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே தடிமனாக டியூரா.

“துரையா?”

“டியூரா!”

“துரைதான். அதான் இவ்வளவு விறைப்பா இருக்காரு.”

அந்தத் துரையே இரண்டு அடுக்கு. மேலடுக்கு எலும்போடு ஒட்டியிருக்கும். கீழடுக்கு சில இடங்களில் மட்டும் அதைவிட்டு விலகும். விலகின இடைவெளியில்தான் மூளையின் அழுக்கு ரத்தமெல்லாம் ஓடி வடிகிறது. இதைப் படம் போட்டுக் காட்டினால் அறுபது மாணவர்களும் தலையை ஆட்டுகிறார்கள், பரீட்சையில் அறுபது விதமாக எழுதுகிறார்கள் என்று அவள் புலம்பினாள்.

“இதுல என்ன கஷ்டம்?” என்றார் மாஸ்டர். “பேன்ட் இடுப்புல நாடா ஓடறதுக்கு ரெண்டு துணிக்கு நடுவுல வழி விடறோமே, அதுதானே?”

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பதினெட்டு வருஷமாக அவள் தேடிய உதாரணம் வீட்டுக்காரரின் இடுப்பிலேயே இருந்திருக்கிறது.

மிச்சமிருந்த மழைக்கோட்டுத் துணியை எடுத்து மாஸ்டர் இரண்டு நாள் உட்கார்ந்தார். மூளையின் இரண்டு பாதிகளுக்கு நடுவே அரிவாள் மாதிரி தொங்கும் மடிப்பு. அதன் மேல் விளிம்பில் நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு குழல். பிடரியில் அது வலமும் இடமுமாகப் பிரிந்து, காதுக்குப் பின்னால் நெளிந்து, கழுத்துக்கு இறங்க வேண்டும். வலது பக்கம் அம்சமாக வந்தது. இடது பக்கம் வரும்போது துணி பற்றவில்லை. இருபத்தேழு வருஷத்தில் அவருக்குத் துணி குறைந்ததே கிடையாது. மூச்சு விடாமல், இருந்ததை இழுத்துப் பிடித்து, வலதில் பாதி அகலத்துக்குத் தைத்து முடித்தார்.

திங்கட்கிழமை மாடலைத் தூக்கிக்கொண்டு போனவர் வகுப்பு வாசலிலேயே நின்றுகொண்டார். டீச்சர் நெற்றிப் பக்கத்தில் ஒரு புனலைச் செருகி நீலத் தண்ணீரை ஊற்றினாள். வலது பக்கம் வாளியில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. இடது பக்கம் சொட்டு, சொட்டு. வகுப்பு சிரித்தது.

டீச்சர் திரும்பினாள். “என்னங்க இது?”

அறுபது தலைகளும் வாசலைப் பார்த்தன. மாஸ்டருக்குக் காது சூடாகிவிட்டது. “துணி பத்தலைம்மா.”

சிரிப்பு கூரையைத் தொட்டது. ஆனால் டீச்சர் மாடலுக்குள் குனிந்து பார்த்துவிட்டு மெல்ல நிமிர்ந்தாள். “எழுதிக்கோங்க. நிறைய பேருக்குத் துணி பத்தாமத்தான் இருக்கு, அதுவும் பெரும்பாலும் இடது பக்கம். அது நோய் இல்லை, பிறவி அமைப்பு. ஸ்கேன்ல இதைப் பார்த்துட்டு அடைப்புன்னு அவசரப்படக் கூடாது.” வருஷா வருஷம் சொல்லியும் யாரும் குறிக்காத வரி அது. அன்று அறுபது பேனாவும் ஓடின.

“அப்போ நிஜ அடைப்பு எப்படி மேடம் இருக்கும்?” என்று முன்வரிசைப் பெண் கேட்டாள்.

டீச்சர் இரண்டு வழியையும் துணி கிளிப்பால் கவ்வி, மறுபடி ஊற்றினாள். போக வழியில்லாத தண்ணீர் தேங்க, குழல் புடைத்துக்கொண்டே வந்தது. “இப்படித்தான். தலைவலி, வாந்தி, கண் மங்கல், சிலருக்கு வலிப்பு.” யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் மட்டும் தன் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரியவில்லை. ஒரு சொட்டு கசியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது டீச்சர் சொன்னாள்: “காலேஜுக்கு இன்னும் ஆறு வேணுமாம். எல்லாம் வேற வேற அளவுல.”

“வேற வேற அளவுக்கு நான் எங்கே போறது?”

மறுநாள் அவள் ஒரு பழைய காகித உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். போன வருஷம் தலைவலிக்கு எடுத்த அவளுடைய சொந்த ஸ்கேன் படம். மாஸ்டர் ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்தார். நெற்றியிலிருந்து பிடரி வரை வெள்ளையாக ஒரு வளைவு, அங்கிருந்து இரண்டு கிளைகள். கழுத்து, தோள், கை என்று அவள் அளவு ஒவ்வொன்றும் தனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தார். இதை இப்போதுதான் பார்க்கிறார்.

“என்ன அப்படிப் பார்க்கறீங்க?”

“ஒண்ணுமில்லை” என்று சொல்லிவிட்டு, பீரோவிலிருந்து புதுத் துணியை எடுத்து விரித்தார்.

“பார்த்துத் தைங்க. தலை விஷயம். லூசா வெச்சுடாதீங்க.”

“அது நான் தைக்கறதுல இல்லைம்மா” என்றார் மாஸ்டர். ஸ்கேல் பறந்து வருவதற்குள் குனிந்துகொண்டார்.